திறந்தவெளி அக்சஸ் பாயிண்டுக்கு வெளி ஆண்டெனா: சிக்னலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

கல்லூரி வளாகத்திலோ தென்னந்தோப்பிலோ வைஃபை எட்டவில்லை என்றதும், வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவியான அக்சஸ் பாயிண்டுக்கு, அதிக கெயின் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) கொண்ட ஆண்டெனா ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் ஏற்றிவிடுவதே தீர்வாகத் தோன்றுகிறது. ஆண்டெனாவைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அதை ஏற்றப்போகும் இடத்தைப் பார்ப்பதற்குச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து வருவது வைஃபை அலையால் அல்ல; மின்கம்பியாலும், உயரத்தாலும், இடியாலும்தான்.

முதலில் மின்கம்பி. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 11 கிலோவோல்ட் கம்பி ஒரு கட்டடத்தின் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி இருந்தால் போதுமானதாக இருந்தது. அதாவது, விதிப்படியே சரியாக அமைந்த கம்பியைக்கூட, கைப்பிடிச் சுவரோரம் நின்று தூக்கி நிறுத்தும் 3 மீட்டர் இரும்புக் குழாய் சாயும்போது எளிதாகத் தொட்டுவிடும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதும் இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயும். ஆகவே கம்பமும் ஆண்டெனாவும் சேர்ந்த உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது கம்பியிலிருந்து விலகியிருக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் அந்த மாடியைக் கைவிடுவதே சரி. காற்று பலமாக வீசும் நாளிலும், இடி முழக்கம் கேட்கும் நேரத்திலும், உடன் ஆள் இல்லாமலும் மாடியில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

அடுத்தது எர்த்திங், பெரும்பாலோர் அவசரமாக முடிக்கும் பகுதி இதுவே. ஆண்டெனா போர்ட்டில் வாயுக்குழாய் வகை சர்ஜ் அரெஸ்டரை (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சிறு கருவி) திருகிவிட்டால் இடியிலிருந்து பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நம்புகிறார்கள். அருகில் எங்கோ விழும் இடியால் கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைத்தான் அது தரைக்குத் திருப்பும். நேரடியாக விழும் இடியைத் தாங்காது. அதனால் கம்பம் கட்டடத்தின் இடிதாங்கியின் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்க வேண்டும். அரெஸ்டரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தடிமனான செப்புக் கம்பியை, குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் அளவில், கூர்மையான வளைவுகள் இல்லாமல் நேராகக் கீழே கட்டடத்தின் எர்த்துக்கு இறக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் கட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக் என்பதால் அந்தக் கம்பி எங்கும் போய்ச் சேர்வதில்லை.

ஆண்டெனாவுக்கென்று தனியாக ஒரு எர்த் குழி தோண்டி, அதைக் கட்டடத்தின் எர்த்துடன் இணைக்காமல் விடுவது அதைவிட ஆபத்தானது. அருகில் இடி விழும்போது ஒரு குழியின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் உயரலாம், மற்றொன்று அப்படியே இருக்கலாம். அந்த வேறுபாடு அக்சஸ் பாயிண்டிலிருந்து உள்ளே வரும் ஈதர்நெட் கேபிள் வழியாகவே நெட்வொர்க் சுவிட்ச் வரை பாயும். புதிய குழி எத்தனை தோண்டினாலும் அவை எல்லாம் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். அதே காரணத்தால், மின்சாரமும் தரவும் சேர்ந்து செல்லும் அந்த ஈதர்நெட் கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலும் ஒரு சர்ஜ் பாதுகாப்பான் தேவை. இந்த இணைப்புகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடுவதே முறை.

ஆண்டெனாவை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் முன் அக்சஸ் பாயிண்டின் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். பயன்படுத்தாத ஆண்டெனா போர்ட்டுகளை மென்பொருளில் அணைத்து, மூடியால் அடைக்க வேண்டும். அக்சஸ் பாயிண்டையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள், எல்எம்ஆர்-400 போன்ற நல்ல வகையாக இருந்தாலும்கூட 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 3.5 டெசிபல் இழப்பாகிறது. அதாவது ஆற்றலில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. அதனால் அக்சஸ் பாயிண்டையும் கம்பத்திலேயே, ஆண்டெனாவுக்கு அருகில் பொருத்துவது நல்லது. கனெக்டரின் மேல், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் வெயிலைத் தாங்கும் கருப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். வீட்டு ஓடுகளைப் போல ஒவ்வொரு சுற்றும் அடுத்ததன் அடியில் அமைந்தால் மழைநீர் உள்ளே புகாது. கேபிள் கனெக்டரை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கினால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடைசியாக, அக்சஸ் பாயிண்டின் அமைப்புப் பக்கத்தில் ஆண்டெனாவின் கெயினைச் சரியாகப் பதிவு செய்ய வேண்டும். உரிமமின்றிப் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005ஆம் ஆண்டின் இந்திய விதிகள், ரேடியோவின் திறனோடு ஆண்டெனாவின் கெயினைக் கூட்டி, கேபிள் இழப்பைக் கழித்துக் கிடைக்கும் திறனை 4 வாட்டுக்குள், அதாவது டெசிபல் கணக்கில் 36 டிபிஎம்முக்குள் நிறுத்துகின்றன. மாடித் தளத்துக்கு மேல் ஆண்டெனாவின் உயரத்தையும் 5 மீட்டருக்குள் வரையறுக்கின்றன. 12 டிபிஐ கெயின் கொண்ட ஆண்டெனாவும் 1 டெசிபல் கேபிள் இழப்பும் இருந்தால், ரேடியோவின் திறன் 25 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது.