பஜேரோவில் முன்சக்கர விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால்

பழைய மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மினுக்கல் புதிதாக இருக்காது. லீவரை 2எச்சிலிருந்து (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்) 4எச்சுக்கு (நான்கும் இழுக்கும்) தள்ளுகிறோம், மீட்டரில் இருக்கும் குட்டி வண்டிப் படத்தில் முன்சக்கரம் இரண்டும் பச்சையாக மினுக்க ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிலையாக எரிய வேண்டியது எரியவே மாட்டேன் என்கிறது. என் வண்டி இதை ஆரம்பித்தது ஏற்காட்டில், காபித் தோட்டத்து மண்பாதையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாளில். வேறு எங்கே செய்யும்!

முதலில் காட்டிய பட்டறையில் பார்த்த உடனே "டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிடலாம் சார்" என்றார்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. நான் சரி சொல்லவில்லை. காரணம், எந்த விளக்கு மினுக்குகிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. இந்த வண்டியில் அதுதான் முதல் கேள்வி. நடுவில் இருக்கும் ஆரஞ்சு விளக்கு சென்டர் டிஃபரன்ஷியல் லாக்குக்கு, அதாவது முன்பின் ஷாஃப்ட்டுகளை ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் ஏற்பாட்டுக்கு உரியது, அது மினுக்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமும் அதில் திருகியிருக்கும் சுவிட்சுகள் பக்கமும் போகலாம். முன்சக்கரப் பச்சை மட்டும் மினுக்கினால் சங்கதி முன் ஆக்சிலில் இருக்கிறது.

2எச்சில் ஓடும்போது முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சும்மா சுற்றாமல் இருக்க, முன் ஆக்சிலில் ஃப்ரீவீல் கிளட்ச் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 4எச்சுக்குப் போட்டதும் அந்தக் கிளட்ச் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுவது மோட்டாரும் இல்லை, கம்பியும் இல்லை, வேக்குவம்தான், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. எஞ்சின் அறைக்குள் கரண்டில் திறந்து மூடும் இரண்டு சோலினாய்டு வால்வு, அங்கிருந்து கீழே ஆக்சிலில் இருக்கும் ஆக்சுவேட்டருக்கு (உறிஞ்சும் இழுப்பில் ராடை நகர்த்தும் பாகம்) இரண்டு மெல்லிய ரப்பர் ஹோஸ். ஒன்று கிளட்சைப் பூட்ட, மற்றது விடுவிக்க. பூட்டியதா என்று பார்த்துச் சொல்ல ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச் "பூட்டியாச்சு" என்று சொல்லும்வரை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கிளட்ச் உண்மையிலேயே பூட்டாமல் இருக்கலாம், இல்லை பூட்டியும் சுவிட்ச் பொய் சொல்லலாம்.

விளக்கு மினுக்கும்போது செய்யக் கூடாதது, 4எச்சிலேயே அடம்பிடித்து ஓட்டுவது. கிளட்ச் பூட்டாவிட்டால் முன்பக்கம் போகிற சக்தி வெறுமனே சுற்றி வீணாகும், பின்சக்கரத்துக்குப் போகிற இழுவை எல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கெட்டியான திரவத்தால் சக்தியைக் கடத்தும் விஸ்கஸ் கப்ளிங் வழியாகத்தான் போயாக வேண்டும், அது சூடேறிக் கெட்டுப்போனால் அப்புறம் நிஜமாகவே டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்க வேண்டிவரும். சமதளத்தில் நிறுத்தி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் ரிவர்ஸ் என்று நகர்த்திப் பாருங்கள், பல் சரியாகப் பொருந்தாமல் நின்றிருந்தால் அதிலேயே விழுந்துவிடும். விழவில்லையா, 2எச்சுக்குத் திரும்பி மெதுவாக வீடு வந்து சேருங்கள். நான் அப்படித்தான் இறங்கினேன்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார், ஜீப் காலத்து ஆள். கேட்டதும் சிரித்துவிட்டு, "இரும்பு எங்க சார் போகப்போகுது, மொதல்ல ரப்பரைப் பாருங்க" என்றார். மெடிக்கலில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வரச் சொன்னார். ஆக்சுவேட்டரில் இருந்து ஹோஸ் இரண்டையும் கழற்றும் முன் ஒன்றில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துவிட வேண்டும், மாற்றி மாட்டினால் 2எச்சில் பூட்டும், 4எச்சில் விடும், அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக்சுவேட்டர் வாயில் சிரிஞ்சைச் செருகி இழுத்தால் ராடு நகர வேண்டும், இழுத்தபடி பிடித்தால் அங்கேயே நிற்க வேண்டும். என் வண்டியில் ராடு டக்கென்று நகர்ந்தது, நின்றது. உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழியவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது சோலினாய்டு. எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டு ஒருவர் லீவரைத் தள்ள, இன்னொருவர் பானெட்டுக்குள் காது வைத்தால் 'டிக்' சத்தம் கேட்கும். சத்தம் வராவிட்டால் கனெக்டரைக் கழற்றி 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பேசாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

எங்களுக்கு டிக் கேட்டது. மிச்சம் இருந்தது ஹோஸ்தான். மேலே பார்க்க நல்ல கறுப்பாக, பளபளவென்று இருந்தது. கிளாம்பில் இருந்து விடுவித்து வளைத்ததும் உள்வளைவில் கீறல் வாயைத் திறந்தது, நகத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எஸ்எஃப்எக்ஸ் எதுவாக இருந்தாலும் இன்றைக்குப் பத்து வருஷத்தைத் தாண்டியதுதான், எஞ்சின் சூட்டில் அத்தனை காலம் கிடந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும். இரண்டு ஹோஸையும் மாற்றினோம். பெட்ரோல் டியூப் வேண்டாம், வேக்குவத்துக்கென்றே விற்கும் தடித்த சுவர் உள்ள ஹோஸ் வாங்குங்கள், மெல்லியது உறிஞ்சும்போது சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும்.

மாற்றிய பிறகும் விளக்கு ஒரு சமயம் நின்று எரிந்தது, ஒரு சமயம் மினுக்கியது. இப்போது சுவிட்சின் முறை. ஆக்சில் மேல் இருக்கும் அந்த சுவிட்சின் கனெக்டரைப் பிரித்தால் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஓடையில் இறக்குகிற வண்டி, தண்ணீர் புகாமல் இருக்குமா. பழைய டூத் பிரஷ்ஷும் கான்டாக்ட் கிளீனரும் போட்டுத் தேய்த்து, மல்டிமீட்டரில் பீப் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்து மாட்டியதும் மினுக்கல் ஒழிந்தது. மொத்தச் செலவு, ஏற்காடு போய்வர டீசலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

இதெல்லாம் இந்த மாதிரிப் பழைய வேக்குவம் ஏற்பாட்டுக்குத்தான். புதிய வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கும் ஃபோர் வீல் விளக்கும் சேர்ந்து வந்தால் ஹோஸைத் தேடாதீர்கள், ஸ்கேனரைச் செருகி வீல் ஸ்பீடு சென்சாரில் இருந்து ஆரம்பியுங்கள். பஜேரோக்காரர்கள் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, மலைக்குப் போகாவிட்டாலும், நேர் ரோட்டில் 4எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள். இதில் இருப்பது சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் ஏற்பாடு என்பதால் காய்ந்த தார் ரோட்டிலும் 4எச் ஓட்டலாம், ஆரஞ்சு விளக்கு எரியும் நிலைகளை, அதாவது சென்டர் டிஃபரன்ஷியல் பூட்டிய 4எச்எல்சியையும் 4எல்எல்சியையும், தார் ரோட்டில் போடாதீர்கள்.