தண்ணி எவ்வளவு, தம்பி?

ஒக்டோபர் 4, சனி

15.8 பாகை. ஒன்ராறியோ, சிம்கோ ஏரி, பீவர்ட்டன் ஜெற்றி.

புரட்டாசிச் சனி. எள்ளெண்ணெய் எரிக்கிற நாளில் தூண்டிலோடு போகிறேன் என்று அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அப்பா நேற்றிரவே தெர்மோமீற்றரைத் துடைத்து, தங்கூசி நூலில் கட்டி, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். போகாமல் எப்படி இருப்பது?

ஏழெட்டு பேர்ச் மீன் கொத்தின. எல்லாம் குஞ்சுகள். ஒன்றையும் கொண்டுவரவில்லை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே உள்ளே இருந்து குரல் வந்தது.

"தண்ணி எவ்வளவு, தம்பி?"

"பதினாறு கிட்ட, அப்பா."

"காத்து எங்கால?"

"தெற்கால."

"அப்ப இன்னும் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி நாலுக்கு வாறதுக்கு முந்தி நான் ஒருக்கா வரவேணும்" என்றார்.

ஒக்டோபர் 7

ஆஸ்பத்திரி அழைப்பு இல்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

14.1. நன்றி நவிலல் விடுமுறை. ஜெற்றியில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். பிள்ளைகள், நாய்கள், வாளிகள்.

அப்பா இருந்தால் கூட்டத்தைப் பார்க்காமல் நேரே கடைசி விளக்குக் கம்பத்தடிக்குப் போய்விடுவார். நானும் அங்கேதான் நின்றேன். தங்கூசியின் அடியில் ஈயம், ஒரு சாண் மேலே ஒரு தூண்டில் முள், இன்னொரு சாண் மேலே இன்னொன்று. ஈயம் தரையைத் தொட்டதும் தங்கூசியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோடையில் பேர்ச் வெடுக்கென்று இழுக்கும். தண்ணீர் குளிரக் குளிர அது கொத்துவதே தெரியாது. ஈயத்தின் கனம் கையில் ஒரு கணம் குறையும், அவ்வளவுதான். "பாரம் குறைஞ்சா மீன்." யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தடியில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் தூண்டில் போட்ட காலத்திலேயே அவருக்குத் தெரிந்த விஷயம் அது. ஒன்பது வயதில் எனக்குச் சொல்லித் தந்தார்.

14 மீன். சின்ன மீன்பிடி லைசென்ஸுக்கு 25 வரை வைத்திருக்கலாம். அப்பாவுக்கு அது கூடத் தேவையில்லை. இந்த மாகாணத்தில் 65 தாண்டினால் அடையாள அட்டை போதும். அவருடைய அட்டை என் பேர்ஸில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும்.

ஒக்டோபர் 16

அப்பாவுக்கு மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். நிறை 54 கிலோ.

பாரம் குறைஞ்சா மீன் என்று நினைத்துவிட்டேன். அந்த அறையில் அது ஏன் ஞாபகம் வந்தது?

ஒக்டோபர் 20

தீபாவளி. அப்பா புதுச் சேட்டைப் போட்டார். கழுத்து உள்ளே நிற்கிறது.

ஒக்டோபர் 25, சனி

12.4. பரி நகரில் நண்பரின் படகில் போனேன். கெம்பென்ஃபெல்ட் குடா. சிம்கோவின் மிக ஆழமான இடம் அங்கேதான், 40 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. படகில் இருந்த திரையில் 24 மீற்றரில் மங்கலாக ஒரு பட்டை தெரிந்தது. மேலே இருக்கிற சூட்டுத் தண்ணீரும் கீழே இருக்கிற குளிர்ந்த தண்ணீரும் கலக்காமல் நிற்கிற எல்லை அது. கோடை முழுக்க அப்படியே இருக்கும். இன்னும் ஏரி புரளவில்லை.

கந்தசஷ்டி என்பதால் பிடித்ததையெல்லாம் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் பிழைத்தது.

முதல் மீனை 20 மீற்றரில் இருந்து எடுத்தேன். நல்ல பெரிய பேர்ச். மேலே வரும்போதே கண் பிதுங்கி, வாய்க்குள் ஏதோ உருண்டையாக அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் விட்டேன், பக்கவாட்டில் மிதந்தது. வாலை அடித்து அடித்துப் பார்த்தது, கீழே போக முடியவில்லை. பத்து மீற்றருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடும். இருபதில் இருந்து மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை மூன்று மடங்கு ஊதும். லேக் டிரவுட் மீன் என்றால் வாயால் காற்றை விட்டுவிடும், அதற்கு அந்தக் குழாய் இருக்கிறது. பேர்ச்சுக்கு இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போட்டேன். விட்டுவிடத்தானே போகிறோம் என்ற நினைப்பில் ஆழத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

படகைத் திருப்பி எடுக்கப் போவதற்குள் கடற்காகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தூண்டில் போடவில்லை. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். விரதத்துக்காக விடுவதாக இருந்தால் ஏழெட்டு மீற்றருக்குள் போட்டிருக்க வேண்டும். ஆழத்தில் பிடித்தால் சமைக்கத்தான் வேண்டும். இரண்டில் ஒன்று.

அப்பாவிடம் பன்னிரண்டரை என்று மட்டும் சொன்னேன்.

ஒக்டோபர் 26

அந்த மீன்.

நவம்பர் 2, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பியாயிற்று. இரவு நீண்டுவிட்டது. அப்பாவின் இருமலும்.

இன்று மீன் பிடிக்கவில்லை. ஒரில்லியாவுக்குப் போய் அதர்லி ஒடுக்கத்தில் நின்றேன். சிம்கோவின் தண்ணீர் முழுக்க அந்த ஒடுக்கத்தால்தான் கூச்சிச்சிங் ஏரிக்குள் போகிறது. மீனும் அதற்குள்ளால்தான் போக வேண்டும். அங்கே தண்ணீருக்கு அடியில், சேற்றுக்குள், மரக்கழிகள் இன்னும் இருக்கின்றன. இந்த நிலத்தின் மக்கள் 4,000 ஆண்டுகளுக்கும் முன்னர் நட்டுவைத்த மீன்வேலி. 1615இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி ஷாம்ப்ளேன் இந்த வழியால் வந்தபோதும் அந்த வேலியில் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இடத்தின் பெயரே மிஞ்சிகனிங், மீன்வேலி இருக்கும் இடம் என்று பொருள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "களங்கண்டி!" என்றார். "இஞ்சையும் களங்கண்டி!" பண்ணைக் கடலில் கம்பு நட்டு வலை கட்டி மீனை வழிமறிக்கும் அதே முறை. கம்புகளை எப்படி வளைத்து நடுவது, மீன் எந்தப் பக்கத்தால் பட்டிக்குள் போகும், வாடைக்காற்று தொடங்கினால் இறால் எப்படி வரும் என்று போர்வையில் விரலால் கீறிக் காட்டினார். அரை மணி நேரம் பேசினார். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீரின் பாகையைக் கேட்க மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

8.9. புரண்டுவிட்டது!

மறுபடியும் நண்பரின் படகு. திரையில் அந்தப் பட்டை இல்லை. மேலிருந்து அடிவரை ஒரே தண்ணீர். மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, காற்றும் சேர்ந்து கலக்க, ஏரி முழுக்க ஒன்றாகிவிட்டது. கோடை தொடங்கியதில் இருந்து காற்றைக் காணாத அடித்தண்ணீருக்கு இன்றுதான் மூச்சு. இந்த ஏரிக்கு அது சின்ன விஷயம் இல்லை. வயலாலும் ஊராலும் வந்து சேர்ந்த பொஸ்பரஸால் பாசி பெருகி, அது அடியில் அழுகி ஒட்சிசனைத் தின்று, லேக் டிரவுட் இங்கே தானாகப் பெருக முடியாமல் போய்ப் பல வருடங்கள் குஞ்சு கொண்டுவந்துதான் விட்டார்கள். 2008இல் ஏரியைக் காக்க என்று தனிச் சட்டமே வந்தது. அடித்தண்ணீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கும் மூச்சு முட்டுமே" என்றார்.

நவம்பர் 9

முதல் பனி. அழைப்பு இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

நானே எடுத்தேன். நாற்பது நிமிடம் இசை. பிறகு ஒரு பெண், பட்டியலில் இருக்கிறார் என்றார். ஐந்து கிழமையாக அதே பட்டியல்தான். பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாதாம். கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவரும் பாவம்.

அப்பா பக்கத்து அறையில். கேட்டிருப்பார்.

நவம்பர் 16

மேற்குக் காற்று. பீவர்ட்டனில் மேற்குக் காற்று என்றால் ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வருகிற அலை. ஜெற்றி முழுக்க நனைந்து கிடந்தது. காருக்குள் இருந்து பார்த்துவிட்டு வந்தேன். 7 இருக்கும் என்று சொன்னேன். "இருக்கும் எண்டால்?" என்று கேட்டார். மறுபடி போய் அளந்தேன் என்று எழுத ஆசை. இல்லை. அளக்கவில்லை.

நவம்பர் 22, சனி

5.6. அப்பா வந்தார்.

காலையில் தானே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டாவது கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து தந்தார்.

காற்று இல்லை. ஜெற்றியில் எங்களைத் தவிர இரண்டு பேர். கடைசி விளக்குக் கம்பத்தடிவரை நடந்துவர இருபது நிமிடம் எடுத்தது, மூன்று இடத்தில் நின்றோம். கதிரையை விரித்து இருத்தினேன். முள்ளை நான் கட்டித் தருகிறேன் என்றேன், விடவில்லை. முள்ளின் கண்ணுக்குள்ளால் தங்கூசியை விட நாலு முறை தவறியது. ஐந்தாவது முறை போனது. ஐந்து சுற்று, நுனியைத் திருப்பி முதல் வளையத்துக்குள்ளால் விட்டு, இறுக்கும் முன் வாயில் வைத்து நனைத்தார். காய்ந்தபடி இறுக்கினால் உரசுகிற சூட்டில் தங்கூசி பலம் போய்விடும். அந்த ஒரு கணம் கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தூண்டிலைப் பிடித்தால் கை நடுங்குகிறது, தங்கூசி நிலையாக நிற்காது. கம்பை முழங்காலில் வைத்து, தங்கூசியை மட்டும் இடது கைச் சுட்டுவிரலில் ஏந்திக்கொண்டார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. போவோமா அப்பா என்று கேட்க வாயெடுத்தேன்.

"குறைஞ்சிட்டுது" என்றார்.

என் கைச் சாண் அளவு. பச்சை கலந்த மஞ்சள் உடம்பில் கறுத்த வரிகள், அடிச்செட்டை செம்மஞ்சள். அப்பா பேர்ச்சை எப்போதும் வரியன் என்றுதான் சொல்வார். தலைப்பக்கத்தில் இருந்து பெருவிரலால் தடவி முதுகு முள்ளைப் படியவைத்து, செவுள் மூடியின் கூர் கீறாமல் பிடித்து, தானே தூண்டில் முள்ளைக் கழற்றினார். விடப்போகிறார் என்று நினைத்தேன்.

"பொரிக்கச் சொல்லு" என்றார்.

மூன்று கிழமையாக எதையும் கேட்டுச் சாப்பிடாத மனிதர். அந்த ஒரு மீன்தான். பாதி சாப்பிட்டார். அம்மா மிச்சத்தை மூடி வைத்திருக்கிறார்.

நவம்பர் 25

9.40க்கு அழைப்பு வந்தது. அடுத்த செவ்வாய், டிசம்பர் 2. காலை 6.15க்கு அங்கே நிற்க வேண்டும்.

நவம்பர் 28

நித்திரை இல்லை. றீலைக் கழற்றி எண்ணெய் விட்டேன். பூட்டினேன். மறுபடி கழற்றினேன்.

டிசம்பர் 1, திங்கள்

வேலை முடிந்து நேரே ஏரிக்கு. நாலேமுக்காலுக்கே இருட்டு. தூண்டில் எடுக்கவில்லை, தெர்மோமீற்றர் மட்டும். போன் வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்தேன்.

4.2.

ஜெற்றியில் ஒருவரும் இல்லை. கரைக் கல்லிடுக்கில் மெல்லிசாக ஐஸ், விரலால் தொட்டதும் உடைந்தது. காரில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம். கேட்பார்.