டேவிட் தாம்ப்சனும் என்னோட ஃபீல்டு புக்கும்

கனடாவுல, ஆல்பர்ட்டா மாகாணத்துல நிலம் அளக்குற ஒரு சர்வே குழுவுல நான் வேலைக்கு சேர்ந்த முதல் ஜனவரி அது. ராக்கி மவுன்டன் ஹவுஸ்னு ஒரு சின்ன ஊரு, அதுக்கு வெளிய ஒரு ரோடு வேலை. காலைல மைனஸ் 31. தூரமும் கோணமும் அளக்குற கருவியான டோட்டல் ஸ்டேஷனோட ஸ்பேர் பேட்டரிய ஜாக்கெட்டுக்கு உள்ள நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், வெளிய விட்டா கொஞ்ச நேரத்துலயே உயிர விட்டுடும். கையுறைய கழட்டினா விரல் எரியும், கழட்டாம பென்சில் பிடிக்க முடியாது. அந்த அவசரத்துல ஒரு இடத்துல கருவிய நிறுத்தினப்ப இன்ஸ்ட்ருமென்ட் ஹைட்ட, அதாவது தரையில இருந்து கருவியோட உயரத்த, ஃபீல்டு புக்னு சொல்ற அளவு எழுதுற நோட்டுல எழுதாம விட்டுட்டேன். ஒரே ஒரு நம்பர்தான். ஆபீஸ் வந்து பார்த்தா உயரக் கணக்கு எதுவுமே ஒத்து வரல, மறுநாள் திரும்ப ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு போய் அத்தனையும் மறுபடி எடுத்தோம்.

எங்க பார்ட்டி சீஃப், அதாவது குழுத் தலைவர், திட்டல. திரும்பி வரும்போது நார்த் சாஸ்காச்சுவான் ஆத்தங்கரையில வண்டிய நிறுத்தி, "இங்கதான் டேவிட் தாம்ப்சன் குளிர்காலத்த கழிச்சாரு, இதே குளிர்ல, ஆனா அவரு எழுதாம விடமாட்டாரு"னு சொன்னாரு, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பேரே அன்னைக்குத்தான் தெரியும். 200 வருஷத்துக்கு முன்ன இந்தப் பக்கத்த அளந்து மேப் போட்ட சர்வேயர் அவரு. அப்புறம் ரெண்டு மூணு வருஷமா அவர பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சுட்டு இருக்கேன், ஒரே தொழில்ல எனக்கு முன்னாடி இருந்த ஒரு பெரியவர பத்தி படிக்கிற மாதிரிதான் படிக்கிறேன்.

1770ல லண்டன்ல பிறந்தவரு. ரெண்டு வயசுல அப்பா போயிட்டாரு, ஏழு வயசுல ஏழைப் பிள்ளைங்களுக்கான தர்ம பள்ளிக்கூடத்துல சேர்த்து விட்டாங்க. அங்க கணக்கும் கப்பல் ஓட்ட தேவையான கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. 14 வயசுல ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு ஏழு வருஷ அப்ரென்டிஸா கப்பல் ஏத்திட்டாங்க. கம்பெனியோட தொழில் தோல் வியாபாரம், அதுலயும் முக்கியமா பீவர் தோல். ஆத்துல மரத்த கடிச்சு அணை கட்டுமே அந்த விலங்குதான். அதோட நீளமான மேல் முடிக்கு கீழ மெத்துன்னு ஒரு உள்முடி இருக்கு, அதுல கண்ணுக்கு தெரியாத சின்னச் சின்ன கொக்கி மாதிரி இருக்கிறதால அமுக்கினா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், அதுலதான் ஐரோப்பாவுல பெரிய மனுஷங்க போடுற தொப்பி செஞ்சாங்க. பூர்வகுடி மக்கள் உடுத்தி பழசான பீவர் உடைக்குத்தான் ரொம்ப கிராக்கி, ஏன்னா உடம்புல உரசி உரசி மேல் முடி எல்லாம் உதிர்ந்திருக்கும். துப்பாக்கி, கம்பளி, கெட்டில்னு எதுக்கும் விலை பீவர் தோல் கணக்குலதான். ஒரு கண்டம் முழுக்க மனுஷங்க ஆத்து வழியா ஓடினது ஒரு தொப்பிக்காகனு நினைக்கும்போது எனக்கு மனசு பாரமாத்தான் இருக்கு.

வேலையோட பாரம் என்னன்னா, தோல எல்லாம் அமுக்கி 90 பவுண்டு கட்டா கட்டுவாங்க, நம்ம கணக்குல 41 கிலோ. ஆத்துல அருவி வந்தா படகையும் சரக்கையும் கரை வழியா தூக்கிட்டு போகணும், நெத்தியில பட்டை மாட்டி ஒரு ஆளு ஒரே நடையில ரெண்டு கட்டு சுமப்பான். நான் ட்ரைபாடையும் பெட்டியையும் தூக்கிட்டு முட்டி வரைக்கும் பனியில நடந்ததுக்கே அன்னைக்கு ராத்திரி இடுப்பு பேசுச்சு.

1788 டிசம்பர்ல தாம்ப்சனுக்கு கால் எலும்பு மோசமா முறிஞ்சு போச்சு. வயசு 18. மாசக்கணக்குல நடக்கவே முடியல. ஆனா அந்த முறிவுதான் அவர சர்வேயர் ஆக்குச்சு, ஏன்னா அடுத்த குளிர்காலத்துல கம்பர்லேண்ட் ஹவுஸ்ங்கிற கம்பெனி வியாபார நிலையத்துல இன்னும் கால் சரியாகாம கிடந்தப்ப ஃபிலிப் டர்னர்னு கம்பெனி சர்வேயர் வந்து சேர்ந்தாரு, அவர்கிட்டதான் முறையா தொழில் கத்துக்கிட்டாரு. அந்த சமயத்துலயே வலது கண்ணுல பார்வையும் போச்சு. அப்ரென்டிஸ் முடிஞ்சா கம்பெனி ஒரு செட் துணி கொடுக்கிறது வழக்கம், இவரு எனக்கு துணி வேணாம், அளக்குற கருவிங்க கொடுங்கனு கேட்டு எழுதினாரு. இத படிச்சப்ப நான் புத்தகத்த மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அவரு எப்படி அளந்தாருனு எங்க ஆளுங்க கேட்டுட்டே இருப்பாங்க. அட்சரேகைக்கு மத்தியானம் சூரியனோட உயரத்த செக்ஸ்டன்ட்னு ஒரு கோணம் அளக்குற கருவியில எடுக்கணும், ஆனா கடல்ல தெரியிற மாதிரி காட்டுல அடிவானம் தெரியாது, அதனால ஒரு தட்டுல பாதரசம் ஊத்தி வச்சு அதுல விழற சூரியனுக்கும் மேல இருக்கிற சூரியனுக்கும் நடுவுல கோணம் எடுத்து அதுல பாதி. பாதரசம் மைனஸ் 39ல உறைஞ்சு போயிடும், அந்த நாட்டுல அது அப்பப்ப வர்ற குளிர்தான். தீர்க்கரேகை இன்னும் கஷ்டம், ராத்திரி நிலாவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் நடுவுல கோணம் எடுத்து, அட்டவணைய வச்சு பக்கம் பக்கமா கணக்கு போடணும். பகல் முழுக்க துடுப்பு போட்டு, சுமந்து, பேரம் பேசி, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நல்லா இருக்கிற ஒத்தக் கண்ண வச்சு இதெல்லாம். நட்சத்திரத்த பார்க்கிறவருனு பூர்வகுடி மக்கள் அவருக்கு பேரு வச்சது இதனாலதான்.

1797ல, அளக்குறத விட்டுட்டு வியாபாரத்த கவனினு ஹட்சன்ஸ் பே சொன்னதால வேலைய விட்டுட்டு, சுமார் 130 கிலோமீட்டர் பனியில நடந்து போய் போட்டி கம்பெனியான நார்த் வெஸ்ட் கம்பெனியில சேர்ந்தாரு. 1799ல சார்லட் ஸ்மால கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அம்மா கிரீ இனத்து பெண், அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி. அந்தம்மாவுக்கு அப்ப 13 வயசு, அது எனக்கு உறுத்தத்தான் செய்யுது. ஆனா 57 வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்க, 13 பிள்ளைங்க, கைக்குழந்தைய தூக்கிட்டு ராக்கி மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அவங்களும் போயிருக்காங்க. மனைவிக்கு அந்த மக்களோட மொழி தெரிஞ்சது தனக்கு பெரிய பலம்னு அவரே எழுதி வச்சிருக்காரு. வழி காட்டினது எல்லாம் பூர்வகுடி ஆளுங்க, அவங்க இல்லாம ஒரு கணவாய் கூட அவரு கண்ணுல பட்டிருக்காது.

எனக்கு அவர் மேல மரியாதை கூடினது சாராய விஷயத்துலதான். அந்தக் காலத்துல தோலுக்கு சாராயம் கொடுத்துதான் நிறைய வியாபாரம் நடந்துச்சு, அது அந்த மக்கள என்ன பண்ணுதுனு அவரு கண்ணால பார்த்திருந்தாரு. 1808ல கூட்டாளிங்க வற்புறுத்தி ரெண்டு பீப்பாய் ஏத்தி அனுப்பினாங்க. இவரு அத ஒரு முரட்டு குதிரை மேல கட்டினாரு, அது பாறையில மோதி மோதி மத்தியானத்துக்குள்ள பீப்பாய நொறுக்கிடுச்சு. இனிமே எத்தன அனுப்பினாலும் இதையே செய்வேன்னு கூட்டாளிங்களுக்கு எழுதியும் அனுப்பிட்டாரு. மேலிடம் சொன்னத செய்ய மாட்டேன்னு எழுத்துல கொடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு வேலை பார்த்தவங்களுக்கு தெரியும்.

1811 ஜனவரியில ராக்கி மலையில இருக்கிற அதபாஸ்கா கணவாய கடந்தாரு. கூட வந்தவங்க பல பேரு பயந்து விட்டுட்டு போயிட்டாங்க. படகு செய்ய பிர்ச் மரத்தோட பட்டை கிடைக்கல, ஆணி இல்ல, தேவதாரு மரத்த பலகையா பிளந்து மர வேரால தைச்சு படகு கட்டினாரு. ஜூலை 15ல கொலம்பியா ஆறு கடல்ல சேர்ற இடத்துக்கு போனா, அமெரிக்காக்காரங்க ஏற்கனவே வந்து கோட்டை கட்டிட்டு இருக்காங்க.

1814ல முடிச்சாரு, தான் அளந்த மேற்குப் பகுதியோட பெரிய வரைபடத்த, மூணு மீட்டருக்கு மேல நீளம். கம்பெனி அத ஃபோர்ட் வில்லியம் கோட்டையோட பெரிய ஹால்ல மாட்டி வச்சுது. வரைஞ்சவரு கடைசி காலத்துல வறுமைப்பட்டு, அளக்குற கருவிங்களையும் மேலங்கியையும் கூட அடகு வச்சு சாப்பிட்டாரு. துணி வேணாம், கருவிங்கதான் வேணும்னு கேட்டு வாங்கின மனுஷன். 1857 பிப்ரவரியில இறந்தாரு, மூணு மாசத்துல சார்லட்டும். மான்ட்ரியல்ல புதைச்ச இடத்துல அப்ப பேரு போட்ட கல்லு கூட இல்ல.

1880கள்ல ஜோசப் டிரெல்னு ஒரு புவியியல் சர்வேயர் அதே மலைப்பக்கம் வேலை பார்த்தாரு. கையில இருந்த பழைய மேப் தான் அளந்ததோட அவ்வளவு சரியா ஒத்துப் போகுதேனு ஆச்சரியப்பட்டு, யாரு வரைஞ்சதுனு தேட ஆரம்பிச்சாரு. தேடி தேடி நோட்டுப் புத்தகங்கள கண்டுபிடிச்சாரு, எத்தனை மணிக்கு கிளம்பினோம், எந்தத் திசை, எத்தனை மைல், காத்து எப்படினு நாள் தவறாம எழுதின டஜன் கணக்கான நோட்டுங்க. தாம்ப்சன் எழுதின வாழ்க்கை அனுபவத்த 1916ல பதிப்பிச்சாரு. 1927ல அந்தக் கல்லறைக்கு கல்லு வந்துச்சு, அதுக்கு முன்னின்னு வேலை பார்த்ததும் இன்னொரு சர்வேயரான அந்த டிரெல்தான்.