செவ்வந்தி குட்டி போட்டாச்சு, இந்த தடவ ராத்திரிய முன்னாடியே பிடிச்சுட்டோம்

இன்னிக்கு விடிகால 2.10க்கு எங்க குதிரை செவ்வந்தி குட்டி போட்டுட்டா. பொட்டக்குட்டி, நல்ல செவலை, நெத்தியில ஒரு வெள்ளப் பொட்டு. ஆண் குதிரையோட சேத்த தேதி 2024 மார்ச் 10, அப்படி பாத்தா 351-வது நாள். கை இன்னும் நடுங்குது, ஆனா மறக்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், முக்கியமா அந்த பிஹெச் பேப்பர் விஷயம் (மடிப்பால்ல நனச்சா அதோட அமில அளவ கலர்ல காட்டும், குட்டி போடற நாள் நெருங்க நெருங்க நம்பர் எறங்கும்), அது தெரியாமதான் போன வருஷம் ஒரு குட்டிய விட்டேன்.

போன மாசியில மெழுகு கட்டின (காம்பு நுனியில சீம்பால் கசிஞ்சு மெழுகு மாதிரி ஒறையுறது) அன்னிலேர்ந்து அஞ்சு ராத்திரி கொட்டாயிலயே கெடந்தேன். ஆறாவது ராத்திரி மூணு மணிக்கு மேல கண்ணசந்துட்டேன், நாலரைக்கு எழுந்து பாக்குறேன், குட்டி வெளிய கெடக்கு, மூக்கு மேல பை கிழியாம அப்படியே மூடியிருக்கு. ஆண்குட்டி. பக்கத்துல ஆள் இருந்திருந்தா விரலால கிழிச்சு விட்டுருக்கலாம், அவ்வளவுதான் வேல. அத நெனச்சா இப்பவும் சோறு எறங்காது.

மாட்டுக்கு நேரம் கெடைக்கும். குதிரைக்கு குடம் ஒடஞ்சா இருபது முப்பது நிமிஷத்துல குட்டி வெளிய வந்தாகணும், அதுக்கு மேல போனா ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. நாங்க இருக்கறது வடுவூருக்கு உள்ள தள்ளி, ஒரத்தநாடு கால்நடை காலேஜ்லேர்ந்து டாக்டர் கெளம்பி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அதனால எந்த ராத்திரின்னு தெரியணும், அன்னிக்கு தூங்காத ஆள் ரெண்டு பேர் வேணும்.

மடி எறங்கினது, வாலடியில குழி விழுந்தது, அறை (குட்டி வர்ற வழி) தளந்தது, இந்த மாதிரி நாள் நெருங்குற அடையாளமெல்லாம் வந்துச்சு. 345-வது நாள் காம்புல மெழுகு கட்டுச்சு. சித்தப்பா பாத்துட்டு "தம்பி, இன்னிக்கு ராத்திரி கண்டிப்பா போட்ரும்டா, தூங்காத"ன்னாரு, அவரு சின்ன வயசுலேர்ந்து வண்டிக்குதிரையோடயே இருந்தவரு, அவரு சொன்னா நாங்க யாரும் மறுத்து பேசமாட்டோம். ஆனா பேப்பர் 7.0 காட்டுச்சு. நான் படுத்து தூங்கிட்டேன், சித்தப்பாவுக்கு கோவம். குட்டி வரல. ரெண்டு நாள் கழிச்சு மெழுகே உதுந்து போச்சு, அப்பவும் வரல.

சரி, பேப்பருக்கு வர்றேன். மொதல்ல ஆன்லைன்ல வாங்கினது 1லேர்ந்து 14 வரைக்கும் காட்டுற சாதா பேப்பர், சுத்த வேஸ்ட், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னுதான் நமக்கு தெரியணும், அது ஒரே பச்சையா காட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் பட்டுக்கோட்டை பக்கம் இறால் பண்ணைக்கு சாமான் விக்கிற கடையில கேட்டேன், அவங்க தஞ்சாவூர்ல லேப் சாமான் கடைக்கு போக சொன்னாங்க, அங்கதான் 6லேர்ந்து 8 வரைக்கும் சின்ன சின்ன படியா காட்டுற சுருள் கெடச்சுது. வாங்குறவங்க இந்த ரேஞ்ச்தான் கேட்டு வாங்கணும்.

பால் எடுக்கறதுலதான் என் உயிரே போச்சு. குட்டி போடறதுக்கு முன்னாடி அது பாலே இல்ல, தேன் தண்ணி மாதிரி பிசுபிசுன்னு ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வரும். நாள் நெருங்க நெருங்கதான் வெள்ளையா கலங்கும். ஜாஸ்தி கறக்கவும் கூடாது, சீம்பால் குட்டிக்கு சேர வேண்டியது. ரெண்டு காம்புலேர்ந்தும் ரெண்டு சொட்டு சின்ன மூடியில பிடிச்சு அதுல பேப்பர நனைப்பேன். ஒரு நாள் 7.2லேர்ந்து திடீர்னு 7.8க்கு ஏறிச்சு, டாக்டருக்கு போன் போட்டா "சார், மடிய எதுல தொடச்சீங்க?"ன்னு மொத கேள்வியே அதுதான். போர் தண்ணி! எங்க போர் உப்பு தண்ணி, அந்த ஈரம் கலந்து கணக்கே மாறிப்போச்சு. அதுலேர்ந்து பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல துணிய நனச்சு தொடச்சு, காய விட்டு அப்புறம்தான் கறப்பேன். சோப்பு போட்ட கையும் ஆகாது. அப்புறம் வெளிச்சம், கொட்டாயில மஞ்ச பல்பு, அதுல பாத்தா எல்லா கலரும் ஒண்ணு போல தெரியுது, வெள்ளத்தாள் மேல பேப்பர வச்சு செல்போன் டார்ச் அடிச்சு பாத்தாதான் சரியா வருது. எப்பவும் சாயங்காலம் ஆறு மணிக்கு, எப்பவும் நான்தான், வேற ஆள் கைய வச்சா அவ ஒதைக்க வருவா. ஒரு மாசம் முன்னாடியே தெனமும் மடிய தொட்டு தொட்டு பழக்கினதுனாலதான் எனக்காவது நின்னா.

நோட்டுல இருக்கறது: 343ல 7.2, 345ல 7.0, 348லயும் 7.0, 349ல 6.8, 350 காலையில 6.6, சாயங்காலம் 6.2. காலையிலயே எறங்கினத பாத்துட்டு அன்னிக்கு மட்டும் ரெண்டாவது தடவ எடுத்தேன். 6.4க்கு மேல இருந்தா அன்னிக்கு ராத்திரி பெரும்பாலும் இருக்காது, நிம்மதியா தூங்கலாம், இந்த பேப்பரோட பெரிய உபகாரமே அதுதான். கீழ எறங்கிட்டா ஒரு நாளோ மூணு நாளோ, உறுதியா சொல்ல முடியாது, ஆனா தூங்கக்கூடாது.

சித்தப்பாகிட்ட காட்டினேன். பேப்பர டார்ச் வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, போர்வைய எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துட்டாரு.

1.52க்கு குடம் ஒடஞ்சுது. வந்த பை வெள்ளையா இருந்துச்சு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு, செகப்பா வெல்வெட்டு மாதிரி வந்தா நஞ்சுக்கொடி முன்னாடியே கழண்டுருச்சுன்னு அர்த்தம், உடனே கிழிக்கணும், அதுக்குன்னு கத்திரிக்கோல கொதிக்க வச்சு எடுத்து வச்சிருந்தேன். ரெண்டு முன்னங்கால், ஒண்ணு கொஞ்சம் முன்ன, உள்ளங்கால் கீழ பாத்து, மேல மூக்கு. இழுக்கல. பைய மட்டும் மூக்குலேர்ந்து வழிச்சு விட்டேன். கொடியையும் அறுக்கல, அவ எழுந்திரிச்சப்ப தானா அறுந்துச்சு, டாக்டர் குடுத்த மருந்துல தொப்புள முக்கினேன். குளம்பெல்லாம் நுங்கு மாதிரி வழவழன்னு, தாய் வயித்த கிழிக்காம இருக்க அப்படி ஒரு மூடி. 2.55க்கு எழுந்து நின்னுச்சு, 3.40க்கு மடிய கண்டுபிடிச்சு குடிச்சுது. அந்த சப்பு சத்தம் கேட்டதும் நான் அழுதுட்டேன், சித்தப்பா தோள்ல கைய வச்சுக்கிட்டு நின்னாரு.

இளங்கொடி, அதான் அந்த நஞ்சுக்கொடி, 4.25க்கு விழுந்துச்சு. மாட்டுக்கு மறுநாள் வரைக்கும் பாக்கலாம்னு சித்தப்பா சொன்னாரு, குதிரைக்கு மூணு மணி நேரம்தான், தாண்டினா டாக்டர கூப்பிட்ரணும், கால் குளம்பு வரைக்கும் பாதிக்கும். அவரு உடனே வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்ட தூக்கிட்டாரு, இருங்க சித்தப்பான்னு வாங்கி சாக்கு மேல விரிச்சேன், கால்சட்டை மாதிரி ரெண்டு காலும் முழுசா இருக்கா, ஒரே ஓட்டைதானான்னு பாத்துட்டு அப்புறம் குடுத்தேன். துண்டு எதுவும் உள்ள நிக்கல.

குட்டி போடற எடத்துல கீழ விரிக்கிற வைக்கோல் பத்தி ஒரு வார்த்த, இந்த வருஷம் அறுப்பு நேரத்துல நனஞ்ச கட்டுதான் எங்க பாத்தாலும், உள்ள பிரிச்சா பூஞ்சக்காளான் நாத்தம். எடுத்தவுடனே கட்டுக்குள்ள கைய விட்டு மோந்து பாத்து வாங்குங்க. மரத்தூள் மலிவா கெடைக்குதுன்னு போடாதீங்க, ஈரக்குட்டி மூக்குல ஒட்டும். அடுத்தது எங்க இன்னொரு குதிரை கருவாச்சி இருக்கா, அவளுக்கு வைகாசி கடைசியில நாள், மேட்டூர் தெறக்குற ஜூன் 12க்கு முன்னாடி போட்ருவான்னு கணக்கு. அவளுக்கு பிஹெச்சோட சேத்து அந்த இறால் கடையில விக்கிற, தண்ணியோட கடினத்தன்மைய பாக்குற ஹார்ட்னஸ் கிட்டும் வச்சு பாக்கப்போறேன், பால்ல கால்சியம் ஏறுறத அது காட்டும், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு நோட்டு போடணும்.

காலையிலேர்ந்து ஊர்ல பாதி பேரு வந்து சுழி பாத்துட்டு போறாங்க. எனக்கு சுழியில மனசு போகல. குட்டி அதோட மொத கருப்பு மலத்த ஏழு மணிக்கு கொஞ்சம் போட்டுச்சு, அப்புறம் வால தூக்கி தூக்கி முக்குது, மிச்சம் வரல, அது வெளிய போயி மஞ்சளா மாறினாதான் சீம்பால் வேல செய்யுதுன்னு நம்புவேன். மத்தியானம் டாக்டர் வந்து எனிமா குடுத்துட்டு போனாரு.

எழுதிக்கிட்டே இருக்கேன், கொட்டாயிலேர்ந்து அம்மா சத்தம் குடுக்குறாங்க, "டேய், மஞ்சளா போட்டுருச்சுடா, வந்து பாரு"ன்னு. போயிட்டு வர்றேன்.