கடற்கரை ஊரில றேஸ் ஷெல் செய்யிறது: என்ட மார்ச் கே11

றேஸ் கார் செய்யிறன் எண்டு சொன்னா எங்கட பக்கத்துப் பெடியன்மார் முதல் கேக்கிறது எஞ்சின் என்ன, டர்போ போடுவியா எண்டுதான். ஆனா உண்மையில நேரமும் காசும் போறது பொடிக்குத்தான், அதாவது எஞ்சின், சீட் ஒண்டும் இல்லாத வெறும் தகரக் கூட்டுக்கு, அதைத்தான் ஷெல் எண்டு சொல்றது, அதுவும் ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி எண்டு கிடக்கிற மட்டக்களப்புக் கல்லடியில வச்சு அந்த வேலையச் செய்யிறண்டா கண்டியில செய்யிறவருக்கு இல்லாத ஒரு எதிரி நமக்கு இருக்கு, துரு. நிசான் மார்ச் கே11 ஒண்டை கட்டுக்குருந்த ட்ராக்குக்கெண்டு வெறும் தகரம் வரைக்கும் கழட்டி, வெல்ட் பண்ணி, பெயின்ட் வரைக்கும் கொண்டுவந்த விசயத்தை எழுதுறன், இஞ்ச ஆரும் இதைச் செய்ய நினைச்சா உதவும்.

மார்ச்சை ஏன் எடுத்தனெண்டா அது 1992ல வந்த மொடல், எஞ்சின் 997 சிசி, வண்டி முழுக்க 800 கிலோ அளவுதான் வரும், ஹாஃப் கட் சாமான் (பாதியா வெட்டி இறக்குற பழைய காரின்ட பாகம்) எல்லா இடமும் கிடைக்கும், நம்மட நாட்டு றேஸுகள்ல மார்ச்சுக்கெண்டே தனி ஈவென்டும் வைக்கிறாங்க.

கழட்டுறது பெரிய வித்தையில்ல. பெற்றரியக் கழட்டு, பெற்றோல் டேங்கையும் லைனையும் முதல் நாளே வெளிய எடு, பிறகு சீட், கார்ப்பெட், டாஷ்போர்ட், றூஃப் லைனிங். ஒவ்வொரு நட்டையும் ஷொப்பிங் பேக்ல போட்டு எந்த இடத்து நட்டெண்டு மார்க்கரால எழுதி வைக்கணும், வயரிங்கை வெட்டாம ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் டேப் ஒட்டிப் பேர் எழுதி முழுசா இழுத்து எடுக்கணும். இதுக்கு மேல இதில சொல்ல ஒண்டுமில்ல.

மெனக்கேடு எண்டா அது தார் பேட்தான். சத்தம் கேக்காம இருக்கிறதுக்கு கம்பெனிக்காரன் தரைத் தகரத்தில உருக்கி ஒட்டின கறுப்புத் தட்டு. வெளிநாட்டுல ட்ரை ஐஸ் (உறைஞ்ச காபனீரொட்சைட்டு) போடுவாங்க, அது மைனஸ் 78 டிகிரி, பேட் கண்ணாடி மாதிரி வெடிச்சு வந்துரும். எங்களுக்கு ட்ரை ஐஸ் கிடைக்கல்ல, ஆனா மீன்வாடிக்கு வாற ஐஸ் இருக்குத்தானே. ஐஸை உடைச்சு உப்புக் கலந்தா மைனஸ் 20 கிட்ட வரைக்கும் இறங்கும், அதைத் தடிச்ச பொலித்தீன் பேக்ல இறுக்கிக் கட்டி பேட்டுக்கு மேல வச்சு ஒரு கனத்த சாக்கால மூடி விட்டம், கொஞ்ச நேரத்தால சுத்தியலால மெதுவாத் தட்டினா தட்டையான இடத்தில எல்லாம் துண்டு துண்டா எழும்பிச்சு. உப்புத்தண்ணி ஒரு சொட்டும் தகரத்தில படக்கூடாது, அதால பேக் ரெண்டு போடுங்க. கியர் டனல் சரிவு, மூலை முடுக்கெல்லாம் ஐஸ் நிக்காது, அங்க ஹீட் கன்னும் ஸ்கிரேப்பரும்தான், மிச்சம் ஒட்டிக் கிடக்கிறதை மண்ணெண்ணெய் துணியால துடைச்சு எடுத்து கடைசியா தின்னரால கழுவணும். ஹீட் கன் வேலைய விடியக் காலமையே செஞ்சிரணும், வெயில் ஏறினா தார் இளகி ஸ்கிரேப்பர்ல சுத்திக்கும். முடியக்குள்ள பெயின்ட் வாளி நிரம்பக் கறுப்புத் துண்டு, எவ்வளவு தேவையில்லாத பாரத்தை இந்தக் குட்டிக் கார் சுமந்திருக்கெண்டு அப்பதான் விளங்கும்.

வெல்டிங்குக்கு கல்முனைப் பக்கத்தில இருந்து ஒரு டிங்கர் காக்காவை, அதாவது தகர வேலை செய்யிற அண்ணை ஒராளைக் கூட்டி வந்தன். தகரம் ரெண்டு சேர்ற விளிம்பில கம்பெனி புள்ளி புள்ளியா வச்ச ஸ்பொட் வெல்ட் தூரத் தூரத்தான் இருக்கும், வளைவுல வேகமாத் திரும்பக்குள்ள ஷெல் முறுகும், அதை இறுக்கத்தான் இடையில இடையில மிக் வெல்ட் (டோர்ச்சுக்குள்ளால கம்பி வந்து உருகி ஒட்டுற வெல்டிங்) வைக்கிறது. நான் விளிம்பு முழுக்க ஒரே கோடா இழுக்கட்டா எண்டு கேட்டன். "மனே, அப்பிடி இழுத்தா சூட்டுல தகரம் நெளிஞ்சு போகும், நாளைக்கு டோர் மூடாது, பிறகு வெல்டுக்குப் பக்கத்தால வெடிக்கும்" எண்டார். ஒரு அங்குலம் வெல்ட், ரெண்டு அங்குலம் வெறும் இடம், அதுவும் ஒரு பக்கமே போகாம இடது ஒண்டு வலது ஒண்டு, முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டெண்டு மாறி மாறி வச்சார், ரெண்டு டோரையும் கழட்ட விடாம மாட்டியே வச்சிருந்தார், கொஞ்ச நேரத்துக்கொருக்கா டோரைத் திறந்து மூடிப் பார்த்து இடைவெளி மாறியிருக்கா எண்டு விரலை விட்டுத் தடவுவார். முன் சஸ்பென்ஷன் டவர், பின் பீம் பூட்டுற இடம், டோருக்குக் கீழ ஓடுற சில் பெட்டி எல்லாம் வெல்ட் வச்சம். முன்னுக்கு மோதுனா மடங்கவெண்டு செஞ்ச பகுதியத் தொடல்ல, அது மடங்கினாத்தான் அடி ஓட்டுறவன்ட உடம்புக்கு வராது. விளிம்புல தண்ணி புகாம அடைச்சிருக்கிற சீலர் பசைய வயர் பிரஷ்ஷால முழுக்க எடுக்காம வெல்ட் வச்சா தீப்பிடிக்கும், ஒராள் ஈரச்சாக்கோட மறுபக்கம் நிண்டே ஆகணும்.

றோல் கேஜ் (கார் புரண்டா ஓட்டுறவனக் காக்கிற பைப் கூண்டு) விசயத்தில நான் ஒண்டும் விட்டுக்குடுக்க மாட்டன். தண்ணிக்குப் போடுற ஜிஐ பைப்பில செஞ்சா மலிவெண்டு கன பேர் சொன்னாங்க. அது தகட்டைச் சுருட்டி ஒட்டின தையல் பைப், அடி பட்டா பிளந்துரும், நாகப்பூச்சு வெல்டிங் சூட்டுல புகையாகி மூச்சுக்குள்ள போகும். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் றேஸ் சங்கம்) சட்டத்தில ஓட்டுறவனுக்குப் பின்னால நிக்கிற மெயின் வளையத்துக்கு தையல் இல்லாத ஸ்டீல் பைப், 45 மில்லிமீற்றர் விட்டமெண்டா 2.5 தடிப்பு, 50 எண்டா 2 தடிப்பு. பைப் வந்து நிக்கிற இடத்தில 3 மில்லிமீற்றர் தகட்டை ஆகக் குறைஞ்சது 120 சதுர சென்ரிமீற்றருக்கு வெல்ட் பண்ணணும், இல்லாட்டி புரண்டா பைப் தரையக் குத்திக்கொண்டு வெளிய போயிரும். பைப்பின்ட மேல் மூட்டு றூஃபை ஒட்டினபடி வாறதால சுத்தி வெல்ட் வைக்க வெல்டிங் டோர்ச் போகாது. கேஜின்ட கால் வாற இடத்தில காக்கா தரைத் தகரத்தை வட்டமா வெட்டி கேஜை ஒரு சாண் கீழ இறக்கினார், மேல் மூட்டு முழுக்க வெல்ட் வச்சார், பிறகு ஜாக்கியால தூக்கி, தகட்டைக் கீழால குடுத்து மூடினார். பக்கத்தில நிண்டு பார்த்தாத்தான் அந்த மூளை விளங்கும்.

இனி துரு. கச்சான் வீசுற காலத்தைத்தான் நான் பிடிச்சன், தரையில இருந்து வாற காய்ஞ்ச காத்து, கடல் ஈரத்தைத் தள்ளி வைக்கும். அந்தக் காலத்திலயும் வெறும் தகரத்தை இரவு விடக்கூடாது. கழுவித் துடைச்ச தரைத் தகரத்தில ஒரு பெடியன் கையுறை இல்லாமக் கை வச்சான், விடிய வந்து பார்த்தா அஞ்சு விரலும் செம்மஞ்சள் நிறத்தில ரேகையோட பதிஞ்சு கிடக்கு, வேர்வையில இருக்கிற உப்புதான். அதுக்குப் பிறகு ஒரு நாளில எவ்வளவு பிரைமர் அடிக்க ஏலுமோ அவ்வளவு இடத்தைத்தான் அண்டைக்குச் சுரண்டுறது, பின்னேரத்துக்குள்ள எப்பொக்சி பிரைமர் ஏறிரணும். சாதாரண பிரைமர் வேணாம், அது ஈரத்தை உறிஞ்சும், கீழால துரு ஊரும். தூசுக்குச் சுத்திவர ஈரச்சாக்குக் கட்டினம்.

உள்ளுக்கு லைட் கிறே அடிச்சம், ரெண்டு மெல்லிய கோட், கனமா அடிச்சா கழட்டின பாரம் திரும்ப ஏறும். வெளிச்ச நிறத்தில வெல்ட் வெடிச்சாலும் ஒயில் கசிஞ்சாலும் உடனே கண்ணுக்குப் படும். எஞ்சினுக்கும் ஆள் இருக்கிற இடத்துக்கும் நடுவில இருக்கிற ஃபயர்வோல் தகரத்தில தேவையில்லாத ஓட்டையெல்லாம் தகரத்தால மூடியாச்சு, றப்பர் மூடி நெருப்புக்குத் தாங்காது. சில் பெட்டிக்குள்ள மெழுகு ஸ்ப்ரே விட்டது எல்லா வெல்டும் முடிஞ்ச பிறகுதான், முதலே விட்டா எரியும். மெழுகு காஞ்ச உடனே கீழ இருக்கிற தண்ணி ஓட்டையெல்லாத்தையும் கம்பியால குத்தித் திறந்து விடுங்க, அடைச்சுக் கிடந்தா மாரித் தண்ணி சில் பெட்டிக்குள்ளயே நிண்டு உள்ளுக்கிருந்து தின்னும்.