எண் எழுதிய பால்கனிகள்

ஸ்பெயினில் உள்ள சான் செபாஸ்டியனின் பழைய நகரத்தில் இரண்டு முறை வழி தவறினேன். மூன்றாவது சந்து ஒரு வளைவுக்குள் கொண்டுபோய் விட, சட்டென்று தலைக்கு மேல் வானம் தெரிந்தது. அரசியலமைப்புச் சதுக்கம். ஊர்க்காரர்களுக்குச் செல்லமாக 'லா கோன்ஸ்தி'. நாற்புறமும் வளைவுத் தாழ்வாரம், அதன்மேல் அடுக்கடுக்காகப் பால்கனிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் எண்.

வீட்டு எண் என்று நினைத்தேன். ஒரே வீட்டுக்கு நான்கு எண்கள் எப்படி? பிறகுதான் தெரிந்தது, அவை இருக்கை எண்கள். ஒரு காலத்தில் இங்கே காளைச் சண்டை நடந்தது. அன்றைக்கு இந்தப் பால்கனிகளைப் பார்வையாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி வெளியே வந்தார். கம்பியில் காய்ந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார், தூறலைப் பார்த்தார், துண்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்தக் காலத்தில் காசு கொடுத்தவன் உட்கார்ந்த இடம் அது.

இந்த ஊரின் துயரம் தெரியாமல் இந்தச் சதுக்கத்தைப் பார்ப்பதில் பயனில்லை. 1813 ஆகஸ்ட் 31. பிரெஞ்சுப் படையிடமிருந்து நகரத்தை மீட்க வந்த ஆங்கிலேய, போர்ச்சுக்கீசியப் படையினர் மீட்ட ஊரையே சூறையாடினார்கள். தீ நாள்கணக்கில் எரிந்தது. இரண்டு தேவாலயங்களும் ஒரு தெருவின் சில வீடுகளும்தான் மிஞ்சின. எட்டே நாட்களில், செப்டம்பர் 8 அன்று, ஊர்ப் பெரியவர்கள் சுபியேட்டா என்ற சிற்றூரில் கூடி, மறுபடி கட்டியே தீருவது என்று முடிவு செய்தார்கள்.

கட்டடக் கலைஞர் உகார்த்தெமெந்தியா, நடுவில் எண்கோணச் சதுக்கம் வைத்துப் புத்தம் புது நகரத்தையே வரைந்து கொடுத்தார். வீடிழந்தவர்கள் ஒப்பவில்லை, அவரவர் மனை அவரவருக்கு வேண்டும் என்றார்கள். அதனால் பழைய தெருக்களின் போக்கிலேயே ஊர் எழுந்தது. சதுக்கத்தின் வேலை 1817-இல் தொடங்கியது. எண்கோணம் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் என் மனம் அந்த வீட்டுக்காரர்கள் பக்கமே நிற்கிறது.

ஒரு பக்கத்தை அடைத்து நிற்கும் தூண் வைத்த கட்டடம் 1947 வரை நகர மன்றம். அதன்பின் மன்றம் கடலோரத்துப் பழைய சூதாட்ட மாளிகைக்குப் போய்விட்டது.

தாழ்வாரத்து மதுக்கடையில் ஒரு 'ஹில்டா' வாங்கினேன். பல்குச்சியில் கோத்த ஒலிவக்காய், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உப்பும் புளிப்பும் ஒன்றாக ஏறும். கடைக்காரர் ஊர்த் திருநாளான ஜனவரி 20-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் இங்கே கொடி ஏறும்; சமையல்காரர் உடையிலும் படைவீரர் உடையிலும் முரசுக் குழுக்கள் இருபத்துநான்கு மணி நேரம் ஊரெங்கும் கொட்டும். அந்த நாள் முடியும் நள்ளிரவில் கொடி இறங்கும்.

“ஏற்றும்போது எல்லோரும் பாடுவோம்” என்றார். “இறக்கும்போது என்னால் பாட முடிவதில்லை.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார்.