சர்ச்சு வரை

ஜூன் 9, ஞாயிறு

ராத்திரி பதினொன்றுக்கும் மொட்டை மாடிச் சுவர் சுடுகிறது. டெல்லி ஆர்.கே.புரத்தில் யாருக்கும் தூக்கமில்லை. லடாக் பைக் பயணத்துக்காக முரளியும் நானும் சாமான்களைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தோம். பத்து நாளைக்கு நாலு ஜட்டி போதும் என்கிறான். சரி, அவன் பாடு.

கிளம்பும்போது முரளியின் மனைவி வசந்தி ஒரு ஜிப் கவரைக் கையில் திணித்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா. அவர்கிட்ட குடுத்தா பேட்டரிய கழட்டிடுவார்." உள்ளே அந்த ஆக்சிமீட்டர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. ஓரத்தில் கோவிட் சமயத்தில் ஒட்டிய பிளாஸ்திரி கூட அப்படியே இருக்கிறது. மூன்று வருஷமாக அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஜூன் 12, புதன்

கரோல் பாக். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், டியூப் இரண்டு, பிளக், ஐந்து லிட்டர் கேன் இரண்டு. என் ஹிமாலயன் பைக்கில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கவலையில்லை. முரளியுடையது 2014 கிளாசிக், கார்புரேட்டர் வண்டி. மேலே போகப் போகக் காற்று குறையும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே இறங்கும், வண்டி திணறும், கறுப்பாகப் புகைவிடும் என்று மெக்கானிக் விளக்கினார். அதற்கு ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, எவ்வளவு திருப்புவது என்று காட்டிக் கொடுத்தார்.

முரளி அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடியில் புது ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 14, வெள்ளி

மலை மந்திரில் வண்டிகளுக்குப் பூஜை. நாலு எலுமிச்சம்பழம், நாலு சக்கரம். முரளியின் பின் சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. அவன் சிரித்தான். நான் எடுத்து மறுபடி வைத்தேன்.

ஜூன் 15, சனி

மூன்றரைக்குக் கிளம்பினோம். முர்த்தலில் பரோட்டா. சுந்தர்நகரில் படுக்கை. முதுகு என்று ஒன்று இருப்பது தெரிகிறது.

ஜூன் 16, ஞாயிறு

மணாலி. ஆக்சிஜன் எனக்கு 96, அவனுக்கு 95. "ஏண்டா பல்லு வெளக்கினதும் விரல நீட்டச் சொல்ற?" என்கிறான்.

சாயங்காலம் முழுக்கச் சண்டை. போட்ட திட்டப்படி, உடம்பு உயரத்துக்குப் பழக, நாளைக்கு ஜிஸ்பாவில் தங்க வேண்டும், 3,200 மீட்டர். அவனுக்கு ஒரே நாளில், லே போகிற சாலையில் இருக்கும் கூடார முகாமான சர்ச்சு போய்விட வேண்டுமாம், அது 4,290. ஒரு நாள் மிச்சம் பிடித்தால் பாங்காங் ஏரிக்கு ஒரு ராத்திரி கூடுமாம். அப்புறம் அந்த கேட்டா லூப்ஸ். சர்ச்சு தாண்டி 21 கொண்டை ஊசி வளைவுகள். "கொல்லிமலைல எழுபது ஏறியிருக்கேன்டா, இது வெறும் இருபத்தொண்ணு." கொல்லிமலை மொத்தமே 1,300 மீட்டர் உயரம்தான் என்றேன். என்னைக் கணக்குப் பிள்ளை என்றான்.

உயரத்துக்கான மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். போட்டாச்சு என்றான்.

ஜூன் 18, செவ்வாய், கீலாங்

நேற்று எழுதவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவன் தூங்குகிறான், மூக்கில் குழாய்.

எங்கே தப்பு என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ரோதாங் கணவாய் ஏறி இறங்குவதற்குள் பொழுது போய்விடும், இதே கீலாங்கில் தங்கித்தான் ஆகவேண்டும். இப்போது 9.02 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டோம், பத்து மணிக்கெல்லாம் தாண்டி. அது ஊர் பேர். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று போர்டு இருக்கிறது. தாண்டியைத் தாண்டினால் பெட்ரோல் இல்லை என்று முரளி பத்துத் தடவை சொல்லிச் சிரித்தான். டாங்க், கேன் எல்லாம் நிரப்பினோம். பத்தரை மணிக்கு வெயில் நன்றாக இருக்கும்போது ஜிஸ்பாவில் யாருக்குத்தான் நிற்கத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஜிங்ஜிங்பாருக்கு மேல், சாலையின் குறுக்கே ஓடும் நாலாவில் (ஓடை) தண்ணீர் சைலன்சர் வரை. மதியத்தில் பனி உருகி அப்படித்தான் வருமாம். பாதியில் அவன் வண்டி நின்றுபோனது. இறங்கித் தள்ளினான். பூட்ஸ் முழுக்கத் தண்ணீர். பாரலாச்சா கணவாயில், 4,890 மீட்டரில், போட்டோ வேண்டாம் என்றான். போட்டோ வேண்டாம் என்று முரளி சொல்லி நான் கேட்டதே இல்லை.

சர்ச்சு கூடாரத்தில் ஆறு மணிக்கு அவனுக்கு 78. எனக்கு 83. விரல் குளிர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும், தெரியும். அவன் கையை என் கக்கத்தில் வைத்துச் சூடாக்கித் திரும்பப் பார்த்தேன். 77. போன மாதம் டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று ஊரே அலறியது, பிறகு கருவி 3 டிகிரி கூடக் காட்டிவிட்டது என்றார்கள். இதுவும் அப்படி இருக்கக் கூடாதா?

எட்டு மணிக்கு வாந்தி. பதினொன்றுக்கு 69. தலை பிளக்கிறது என்றான். மாத்திரையைத் தேடி அவன் ஷேவிங் பையைத் திறந்தேன். டயாமாக்ஸ் அட்டை முழுசாக இருந்தது, ஒரு குமிழ் கூட உடைக்கவில்லை. "விரல் மரத்துப் போவும், ராத்திரி பூரா ஒண்ணுக்கு வரும்னு போட்டிருந்தான்டா" என்றான். எவன் என்று கேட்கவில்லை. அறைந்திருப்பேன்.

இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தவன் கூடாரக் கயிற்றை ஒட்டி நேராக நடக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். குடித்தவன் மாதிரி. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே கீழே இறங்க வேண்டும், அதுதான் முதல் வைத்தியம். ஆனால் சர்ச்சுவிலிருந்து சும்மா இறங்க முடியாது. முன்னால் போனால் லாச்சுங் லா கணவாய், 5,000-க்கு மேல். திரும்பினால் மறுபடி பாரலாச்சா. எந்தப் பக்கம் இறங்குவதற்கும் முதலில் ஏற வேண்டும். இதை நான் வரைபடத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

போனில் சிக்னல் இல்லை. கூடாரக்காரர் ஒரு ஆக்சிஜன் டப்பா கொடுத்தார். 66 என்பது 74 ஆகும், டப்பாவை எடுத்தால் இறங்கும். கோவிட்டில் மாயாபுரியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது வசந்தி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று எண் மட்டும் இருந்தது, சொல்ல ஆளில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் மணாலி போகிற டெம்போ டிராவலர். டிரைவரை எழுப்பிக் கெஞ்சினேன். நாலரைக்கு எடுத்தார், கடைசி சீட்டில் படுக்க வைத்தோம். நான் என் பைக்கில் பின்னாலேயே. பின் கண்ணாடியில் அவனுடைய ஆரஞ்சுக் கம்பளிக் குல்லா தெரிந்தது. பள்ளத்தில் டெம்போ தூக்கிப் போடும்போதெல்லாம் குல்லா ஆடும். அது வண்டி ஆடுவதா, அவன் ஆடுவதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சாலையைப் பார்க்கவில்லை. நாலா கணுக்கால் அளவுதான் இருந்தது. ராத்திரி பனி உருகாது.

டார்ச்சாவில் குல்லா எழுந்து உட்கார்ந்தது.

மாலை ஆறு மணி. 88.

ஜூன் 19, புதன்

வசந்தியிடம் பேசினேன். வழியில் மண்சரிவு, கீலாங்கில் நிற்கிறோம் என்றேன். "எவ்ளோ காட்டுது அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ரசம் கிடைக்குமா என்றாள்.

மதியம், குழாய் இல்லாமல் 91.

ஜூன் 20, வியாழன்

92. இரண்டு தட்டு ராஜ்மா சாப்பிட்டான். என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூன் 21, வெள்ளி

டாக்டர் நாளை மணாலிக்கு இறங்கலாம் என்றார். நல்ல மனுஷன், அட்டையைக் காட்டி அவனை என் முன்னாலேயே திட்டினார்.

சர்ச்சுவிலிருந்து வந்த லாரிக்காரரிடம் கேட்டேன். கிளாசிக் கூடாரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதாம், ஐயாயிரம் கொடுத்தால் ஏற்றி வருகிறேன் என்கிறார். பாதி முன்பணம் கொடுத்தேன். அவர் போய் அரை மணி கழித்து ஜாக்கெட்டில் கைவிட்டால் முரளி வண்டியின் சாவி. கூடாரக்காரரிடம் கொடுத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில் லாக் போட்டேனா? முரளியிடம் கேட்டேன். மூன்று நாள் கழித்து முதல் பேச்சு. "நாலாவது சக்கரத்து எலுமிச்சம்பழத்தக் கேளு" என்கிறான் நாய்.